கல்லூரி மாணவர் உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதம், இரும்புச்சத்து, நார்ச்சத்து ஆகிய பெயர்களைக் கேள்விப்படாத கல்லூரி மாணவர் இன்று அரிது. எதை எவ்வளவு உண்பது, எதற்குப் பின் எதைக் குடிப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது.

பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தில் தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் வருபவர்களில் பலர் வெறும் டீயோடு கிளம்பி, பதினோரு மணிக்குக் கேண்டீன் பஜ்ஜியால் பசியாற்றிக்கொண்டு, மதியம் பசியின்றிக் கட்டுச்சாதத்தில் பாதியைக் கொட்டிவிடுகிறார்கள். நான்கு இட்லியைப் பேருந்திலேயே சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாம்பார் ஊற்றிக்கொண்டாலே பருப்புச் சாப்பிட்டதாகக் கணக்கு வைப்பது இன்னொரு தவறு. விடுதி மெஸ்ஸில் பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கிவிட, தட்டுக்கு வருவது பெரும்பாலும் தெளிந்த நீர்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் வேண்டும். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கும் மண்ணில் வளர்ந்த பிள்ளைகள், ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புரதப் பொடி வாங்குவது வேடிக்கைதான். 30 கிராம் பயற்றில் சுமார் 7 கிராமும், ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும் புரதம் கிடைக்கிறது.

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்க வேண்டியது, சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடிக்கும் பழக்கம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல், டீயிலுள்ள டானின் முதலிய பொருள்கள் பற்றிக்கொள்கின்றன. ஆகவே உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி தேவை. டிகிரி காபியை விட்டுவிடச் சொல்லவில்லை. நான்கு மணிக்குத் தள்ளிவைத்தால் போதும். கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்துகொள்வதும், சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ பெரிய நெல்லிக்காயோ உண்பதும் இரும்பு உடலில் சேரத் துணைசெய்யும். ஓயாத களைப்பு இருந்தால் தாமாக மாத்திரை வாங்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; கர்ப்பிணியல்லாத பெண்களுக்கு அது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை.

சோறுதான் உடலைப் பெருக்குகிறது என்று அதை அடியோடு நிறுத்திவிட்டு, இரவில் மைதா பரோட்டாவுக்கு மாறுவதில் ஒரு நன்மையும் இல்லை. ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சாதம் இறங்காதவர்கள், உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

கழிப்பறைக்குப் பயந்து மாணவிகள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை மட்டும் அவர்களுடைய அறியாமை என்று சொல்ல முடியாது. டெல்டாவின் சித்திரை வெயிலில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடக்கூடியது, அதைத் திருத்த வேண்டியவை கல்லூரி நிர்வாகங்கள்.