சூடேறாத மின் ஓவனை நாமே சரிசெய்வது எப்படி

ஓவன் பழுதானால், பாகத்தை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிட, பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறிய ஆகும் நேரமே அதிகம். மாற்றும் வேலை பெரும்பாலும் இரண்டு திருகாணிகளும் இரண்டு ஒயர்களும் சம்பந்தப்பட்டதுதான். ஒருமுறை என் ஓவன் சூடேறாமல் போனபோது, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்தான் கெட்டிருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்கிப் பொருத்தினேன். ஓவன் முன்போலவே சில்லிட்டுக் கிடந்தது. சூட்டைத் தரும் பாகமான எலிமென்டின் முனையில் கருகிப்போயிருந்த ஓர் இணைப்பே காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

இங்கே சொல்லப்படுபவை எலிமென்ட் மூலம் சூடேறும் மின் ஓவனுக்கு மட்டுமே பொருந்தும். மைக்ரோவேவ் ஓவனின் உறையை வீட்டில் திறக்கவே கூடாது. அதிலுள்ள கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். எரிவாயு ஓவனின் குழாய், வால்வு, பர்னர் ஆகியவற்றை அந்த வேலையில் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத ஓவனையும் திறக்க வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்

கடிகாரமுள்ள ஓவன்கள் பலவும், மின்சாரம் போய் வந்தபின் நேரத்தைச் சரியாக வைக்கும்வரை சூடேற மறுக்கும். டைமர் தவறுதலாகத் தானியங்கி நிலைக்கு மாறியிருந்தாலும், குழந்தைப் பூட்டு விழுந்திருந்தாலும் இதே கதைதான். பழுதே இல்லாத ஓவனைப் பிரித்துப் போடும் சங்கடம் இந்த இடத்தில்தான் நேர்கிறது. ஆகவே கையேட்டைப் புரட்டி இவற்றை முதலில் சரிபாருங்கள்.

விளக்கும் கடிகாரமும்கூட எரியவில்லை என்றால், அளவு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு சாதனத்தை அதே சாக்கெட்டில் செருகி, அங்கே மின்சாரம் வருகிறதா என்றும் சோதியுங்கள். பிளக்கோ சாக்கெட்டோ பழுப்பேறியிருந்தால், தளர்ந்த இணைப்பு அங்கே சூடாகியிருக்கிறது என்று பொருள். இரண்டையும் மாற்றியாக வேண்டும். அமெரிக்காவில் உள்ளதுபோல் இரண்டு லைவ் ஒயர்கள் வரும் 240 வோல்ட் இணைப்பில், ஒன்று மட்டும் அறுந்துபோனால், கடிகாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் சூடு வராது.

மின்சாரம் வருகிறது, சூடுதான் இல்லை என்றால், மேல்சூடு, கீழ்ச்சூடு, விசிறிச்சூடு என ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் சூடு இல்லையெனில் அந்த நிலைக்குரிய எலிமென்டையோ அதற்குச் செல்லும் ஒயரையோ சந்தேகிக்கலாம். எந்த நிலையிலுமே சூடு இல்லையெனில், எல்லா எலிமென்டுகளும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் அவை அனைத்துக்கும் பொதுவான தெர்மோஸ்டாட், நிலை மாற்றும் சுவிட்ச், அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தை நிறுத்தும் வெப்பத் துண்டிப்பான் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கும். இந்த ஐந்து நிமிடச் சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

எலிமென்டை அளத்தல்

இனி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஒயர் நேரடியாகச் சுவருக்குள் செல்லும் ஓவன் என்றால், அதற்குரிய எம்.சி.பி.யை இறக்கி, வேறு யாரும் ஏற்றிவிடாதபடி அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். பிறகு மின்சாரம் உண்மையிலேயே இல்லை என்பதை, மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். அந்த மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் உள்ள ஒரு சாக்கெட்டில் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ளுங்கள். நியான் டெஸ்டரை மட்டும் நம்பி உள்ளே கைவைப்பது ஆபத்து.

மேல் எலிமென்டும் விசிறியைச் சுற்றியுள்ள வளைய எலிமென்டும் பெரும்பாலும் ஓவனின் உட்புறமிருந்தே கழற்றக்கூடியவை. கீழ் எலிமென்ட் பல ஓவன்களில் அடித்தகட்டின் கீழ் மறைந்திருப்பதால், பின்பக்கத் தகட்டைக் கழற்றித்தான் அதை அணுக முடியும். எதைக் கழற்றுவதற்கு முன்பும் ஒயர்கள் இருக்கும் நிலையைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். உட்புறமிருந்து எலிமென்டை இழுக்கும்போது மெதுவாக இழுங்கள். ஒயர்கள் தெரிந்தவுடன் அவற்றைத் துணிக்கிளிப்பால் கவ்விக்கொள்ளுங்கள். இல்லையெனில் ஒயர் துளை வழியே பின்னால் நழுவி விழ, அதை எடுப்பதற்காகவே முழு ஓவனையும் அதன் இடத்திலிருந்து வெளியே இழுக்க வேண்டிவரும்.

எலிமென்டின் மேல் கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் அளக்கத் தேவையே இல்லை. தெரியாவிட்டால், ஓர் ஒயரையாவது கழற்றிவிட்டு, மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, இரு முனைகளுக்கும் இடையிலான மின்தடையைப் பாருங்கள். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம்: மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்டுக்கு ஏறத்தாழ 26 ஓம், 1000 வாட்டுக்கு ஏறத்தாழ 53 ஓம். சற்று ஏறக்குறைய இருந்தால் கவலையில்லை. மீட்டர் எந்த அளவும் காட்டாமல் திறந்த சுற்று என்று சொன்னால் உள்ளே நிக்ரோம் கம்பி அறுந்துவிட்டது.

ஓவனைப் போட்டதும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால், ஒவ்வொரு முனைக்கும் எலிமென்டின் உலோக உறைக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே மின்தொடர்பு இருக்கவே கூடாது. கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. நெடுநாள் பயன்படுத்தாத ஓவன் திடீரென டிரிப் ஆவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.க்கு இந்த ஈரம் போதும். சாதாரண மல்டிமீட்டரின் சிறு பாட்டரி எல்லாக் கசிவுகளையும் காட்டிக்கொடுக்காது. 500 வோல்ட்டில் அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர்தான் உறுதியான விடையைத் தரும். எப்படியும் டிரிப் ஆவதைத் தவிர்க்க எர்த் ஒயரைக் கழற்றிவிடும் பைத்தியக்காரத்தனத்தை மட்டும் செய்யாதீர்கள்.

கருகிய இணைப்பு முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, அதிக வெப்பம் தாங்கும் புதிய முனைகளை அழுத்திப் பொருத்துங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டில் உருகிவிடும். சாதாரண பி.வி.சி. ஒயரும் அங்கே தாங்காது. சிலிக்கான் அல்லது கண்ணாடியிழை உறையிட்ட ஒயர்தான் வேண்டும்.

சூடு வருகிறது, ஆனால் அளவு தவறு

அடி கருகி, நடு வேகாமல் வந்தால் பலரும் தெர்மோஸ்டாட்டைத் திட்டுவார்கள். முதலில் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து, 180 டிகிரி செல்சியஸில் ஓட்டுங்கள். எலிமென்ட் அணைந்து எரியும் சுற்று சிலமுறை நிகழும்வரை காத்திருந்து, உச்ச அளவையும் குறைந்த அளவையும் குறித்துக்கொண்டு அவற்றின் சராசரியைப் பாருங்கள். குமிழ் வைத்த ஓவனில் 10, 15 டிகிரி ஏறி இறங்குவது இயல்பே. சராசரியே வெகுவாக விலகியிருந்தால்தான் பழுது.

அப்போதும் முதலில் கதவைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வந்துவிட்டால், கதவின் விளிம்பில் சூடு கசியாமல் அடைக்கும் பட்டையான கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. மூலைகளில் கொக்கியால் மாட்டியிருக்கும் வகையாயின் கையாலேயே மாற்றிவிடலாம். கதவு சரியென்றால், தெர்மோஸ்டாட்டின் மெல்லிய உணர்குழாய் அதன் பிடியிலிருந்து கழன்று சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மீண்டும் மாட்டும்போது அது மடிந்துவிடக் கூடாது. மின்னணு ஓவன்களில் அதற்குப் பதிலாகச் சென்சார் இருக்கும். பரவலாகப் பயன்படும் பி.டி.1000 வகை, 25 டிகிரியில் ஏறத்தாழ 1097 ஓம் காட்ட வேண்டும்.

வெப்பத் துண்டிப்பான் விழுந்திருந்தால் அதை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள், நேரடியாக இணைத்தும் விடாதீர்கள். பெரும்பாலும் குளிர்விக்கும் விசிறி நின்றுபோனதாலோ காற்றுத்துளை அடைபட்டதாலோ அது விழுந்திருக்கும். அந்தக் காரணம் நீங்காவிட்டால் புதியதும் விழும்.

விசிறி கீச்சிட்டால் மோட்டாரின் பேரிங் தேய்ந்திருக்கிறது. இறக்கையின் நட்டு பல ஓவன்களில் இடப்புற மரையுடன் இருக்கும். வலப்பக்கம் சுழற்றினால்தான் கழலும். விளக்குக்கு 300 டிகிரி என்று குறித்த பல்பையே போடுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டியபின் எர்த் ஒயர் அதன் இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, வெறும் ஓவனை 200 டிகிரியில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். புதிய எலிமென்டின் மேல்பூச்சு எரியும் வாடை அதற்குள் போய்விடும். ஆர்.சி.சி.பி. மறுபடியும் விழுந்தாலோ, ஒயர் உருகும் நாற்றம் வந்தாலோ, உடனே மின்சாரத்தைத் துண்டித்து மெக்கானிக்கை அழையுங்கள். அளந்து குறித்து வைத்த ஓம் கணக்குகளை அவரிடம் காட்டினால், அவர் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.