இந்தியக் கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டில் காப்புரிமை: பிசிடி வழியே படிப்படியாக

உலகம் முழுக்கச் செல்லும் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. இந்தியாவில் வாங்கியது இந்தியாவுக்குள்தான் செல்லும். பிசிடி எனப்படும் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையும் காப்புரிமை தருவதில்லை. ஒரே விண்ணப்பத்தில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் உங்கள் தேதியை (யார் முதலில் போட்டது என்பதைத் தீர்மானிக்கும் தேதி) பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தைவான் அதில் இல்லை. அங்கே வேண்டுமென்றால் முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் நேரடியாகப் போட வேண்டும்.

எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டிலும் தேடிப் பார்த்து, உங்கள் பொருள் புதிது என்று உறுதி செய்தவர்களுக்காக இது.

படி 1: முதலில் இந்தியாவில் போடுங்கள்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகம். கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் இணையத்திலேயே முடியும். தனிநபருக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்.

போட்ட கையோடு வெளிநாட்டுக்கு ஓடாதீர்கள். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் விண்ணப்பிக்க, இந்தியாவில் போட்டு ஆறு வாரம் கடந்திருக்க வேண்டும். அவசரமென்றால் படிவம் 25 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். விதிப்படி பொதுவாக 21 நாளில் முடிவு சொல்வார்கள். இது காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு. மீறினால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

படி 2: புரொவிஷனலைத் தடிமனாக எழுதுங்கள்

புரொவிஷனல் என்பது இந்தியாவில் முதலில் போடும் தற்காலிக விண்ணப்பம். பலருடைய விண்ணப்பம் சாகும் இடம் இதுதான். "தேதியைப் பிடித்தால் போதும், இரண்டு பக்கம் எழுதிப் போடுவோம்" என்கிறார்கள். புரொவிஷனலில் எழுதியதற்கு மட்டும்தான் அந்தத் தேதி கிடைக்கும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஒரு வால்வு செய்கிறீர்கள் என்று வையுங்கள். புரொவிஷனலில் ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது. ஐந்தாம் மாதம் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு சிலிக்கோன் டயாஃப்ரம் போடுகிறீர்கள், நன்றாக வேலை செய்கிறது, யூடியூபில் காட்டுகிறீர்கள். பன்னிரண்டாம் மாதம் பிசிடியில் டயாஃப்ரத்தைச் சேர்க்கிறீர்கள். டயாஃப்ரத்துக்குக் கிடைப்பது பிசிடி போட்ட தேதிதான். அதற்கு முன்பே உங்கள் வீடியோ வெளியாகிவிட்டது. ஐரோப்பாவில் அதன் புதுமை போய்விடும். அமெரிக்கா சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகை தருகிறது. அதை நம்பி மற்ற நாடுகளை இழக்காதீர்கள்.

எனவே ஸ்பிரிங், டயாஃப்ரம், மிதவை என்று எந்தெந்த வழியில் செய்யலாமோ அத்தனையும் படத்தோடு எழுதுங்கள். அளவுகளை வரம்பாகக் கொடுங்கள், நடுவில் ஒன்றிரண்டு குறிப்பிட்ட எண்களும் வேண்டும். பிறகு புதிதாக ஏதாவது தோன்றினால் காட்டும் முன் இன்னொரு புரொவிஷனல் போடுங்கள். பிசிடியில் இரண்டுக்கும் முன்னுரிமை கோரலாம், அதாவது அவற்றைப் போட்ட தேதிகளையே கேட்கலாம். 12 மாதக் கணக்கு முதலாவதிலிருந்து ஓடும். இந்தியாவில் போடாத புதிய விஷயத்தை நேராகப் பிசிடியில் நுழைத்தால் 39-வது பிரிவு மறுபடி குறுக்கே வரும். படிவம் 25 வாங்கிவிடுவதே பாதுகாப்பு.

படி 3: 12 மாதத்துக்குள் பிசிடி

சர்வதேசக் கட்டணம் 1,330 சுவிஸ் பிராங்க். இந்தியாவில் வசிக்கும் இந்தியத் தனிநபருக்கு 90 சதவீதம் குறையும். ஆனால் விண்ணப்பதாரர் எல்லோருமே அப்படி இருக்க வேண்டும். உங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரையும் சேர்த்தால் முழுத் தொகை. கம்பெனி பெயரில்தான் போடுவதென்றால், இந்திய விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கும் பட்சத்தில், முன்னுரிமை உரிமையைக் கம்பெனிக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் பிசிடிக்கு முன்பே கையெழுத்திடுங்கள். பிசிடிக்குப் பிந்தைய தேதியிட்ட தாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார்.

உங்கள் பொருள் புதிதா என்று தேடி அறிக்கை தரும் தேடல் அலுவலகம் எது? இந்திய அலுவலகம் தனிநபருக்கு 2,500 ரூபாயில் செய்கிறது. ஐரோப்பா உங்கள் பட்டியலில் இருந்தால் ஐரோப்பிய அலுவலகத்தையே தேர்ந்தெடுங்கள் என்பேன். தனிநபர்களுக்கு அங்கே 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. பின்னால் ஐரோப்பாவில் மறுபடி செய்யும் துணைத் தேடலுக்கான கட்டணமும் மிச்சம். விண்ணப்பிக்க, பிசிடியை நடத்தும் வைப்போவின் (ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு) இ-பிசிடி தளம் நல்லது, பிழைகளை அங்கேயே காட்டிவிடும்.

முன்னுரிமை ஆவணத்தை, அதாவது முதல் விண்ணப்பத்தின் சான்றளித்த நகலை, மறக்காதீர்கள். முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதல் விண்ணப்பத்தின் தேதி) 16 மாதத்துக்குள் அது ஜெனீவா போய்ச் சேர வேண்டும்.

படி 4: தேடல் அறிக்கை

சுமார் 16-வது மாதம் வரும். 18-வது மாதம் விண்ணப்பம் வெளியாகும். அறிக்கையில் எக்ஸ் என்று குறித்த ஆவணம் ஒன்றே உங்கள் க்ளெய்மை (எது உங்களுடையது என்று நீங்கள் கேட்கும் உரிமைக்கோரல்) தனியாக வீழ்த்தக்கூடியது. ஒய் என்றால் வேறொன்றோடு சேர்ந்து. எல்லாம் எக்ஸ் என்றால், க்ளெய்மைச் சுருக்கியும் தப்பவில்லை என்றால், இங்கேயே நிறுத்துங்கள். அடுத்த படியில்தான் உண்மையான பணம் போகிறது.

படி 5: நாடுகளுக்குள் நுழைதல்

இனி ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கெடு, முன்னுரிமைத் தேதியிலிருந்து அமெரிக்கா, ஜப்பான், சீனாவுக்கு 30 மாதம். ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் 31. ஜப்பான், சீனா, கொரியாவில் அவரவர் மொழியில் மொழிபெயர்ப்பு வேண்டும், அதுவே பெரிய செலவு. க்ளெய்ம் எண்ணிக்கையை முன்பே வெட்டுங்கள்: அமெரிக்காவில் 20 வரை, ஐரோப்பாவில் 15 வரை கூடுதல் கட்டணம் இல்லை. சந்தையும் போட்டியாளர் தொழிற்சாலையும் எங்கே இருக்கின்றனவோ அந்த நாடுகள் போதும்.

வெளிநாட்டில் போட்ட விவரங்களை இந்திய அலுவலகத்துக்குப் படிவம் 3-இல் தெரிவிக்க வேண்டும். முதல் ஆட்சேப அறிக்கை வந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி ஒருமுறை.

பின்சேர்க்கை: கூட்டாளி அமெரிக்காவில் இருந்துகொண்டு கண்டுபிடிப்பில் பங்கேற்றிருந்தால் இந்தியாவில் போடும் முன் அமெரிக்க அனுமதியும் தேவை. இரு நாடுகளும் தம்மிடம்தான் முதலில் என்று கேட்பதால், இங்கே படிவம் 25, அங்கே அவர்களுடைய வெளிநாட்டு உரிமம் இரண்டையும் வாங்கிய பிறகே முதல் விண்ணப்பத்தைப் போடுங்கள்.