பாத்தியில் பூனை தோண்டாமல் இருக்க ஒரு கோழி வலை போதும்

தண்டங்கீரை விதைத்த மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி நடுவில் ஒரு குழி, பக்கத்தில் ஈ மொய்க்கிற ஒரு சின்ன மேடு, விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிக் கிடக்கிறது. ஒரே மாதத்தில் நான்கு தடவை இப்படி ஆனது. பூனை எங்களுடையது இல்லை, தெருவுக்கே பொதுவானது. சாப்பாடு பக்கத்து வீட்டு அக்காவிடம், தூக்கம் எதிர்வீட்டு கார் மேல், கழிப்பறை மட்டும் நம் தோட்டம்.

நாகர்கோவிலில், வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட்டுக்கும் குறைவான இடத்தில் ஐந்து பாத்தியும் பத்துப் பன்னிரண்டு க்ரோ பேக்கும் வைத்திருக்கிறேன். பாத்தி கட்டுவது, விதை நேர்த்தி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகப் பூனைக்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். பூனைக்கு நம் செடி மேல் ஒரு ஆசையும் கிடையாது, பொலபொலவென்று காய்ந்த மண்தான் வேண்டும், தோண்டி மூட வசதியாக. விதைப்பதற்காக நாம் கொத்தி, கட்டி உடைத்து, சலித்து வைக்கிற மண் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். க்ரோ பேக்கில் தென்னை நார்க்கழிவு சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் வேலி கட்டித் தடுக்கலாம் என்று இறங்காதீர்கள், ஆறடி மதில் அதற்கு ஒரு தாவல். உள்ளே வரட்டும், தோண்ட முடியாமல் போகட்டும். நாம் செய்யப்போவது அவ்வளவுதான்.

படி 1: பழையதை எடுங்கள்

தன் வாடை இருக்கிற இடத்துக்கே பூனை திரும்ப வரும். கையுறை போட்டுக்கொண்டு கழிவோடு சுற்றியுள்ள நாலு விரற்கடை மண்ணையும் சேர்த்து அள்ளி, கட்டிக் குப்பையில் போடுங்கள். கம்போஸ்ட் தொட்டியில் வேண்டவே வேண்டாம். டாக்சோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி பூனைக் கழிவு வழியாக மண்ணுக்கு வரும். வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் அது தொற்றும் நிலைக்கு வருகிறது, அதற்கப்புறம் ஈர மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலும் கிடக்கும். அதனால் கண்ட அன்றே எடுத்துவிடுவது நல்லது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். அந்தப் பாத்திக் கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடுங்கள். கொத்தமல்லி, முள்ளங்கி மாதிரி பச்சையாகத் தின்கிறவற்றைக் கொஞ்ச காலம் வேறு இடத்தில் போடுங்கள்.

படி 2: நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோமா என்று பாருங்கள்

இங்கேதான் நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டேன். மீன் கிடைக்கிற ஊர் என்பதால் சாளைத் தலையும் குடலும் வெல்லமும் சம எடையில் போட்டு ஊறவைத்து மீன் அமிலம் செய்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து எல்லாப் பாத்திக்கும் சாயங்காலம் சாயங்காலம் ஊற்றிக்கொண்டிருந்தேன். செடி நன்றாகத்தான் வந்தது, பூனையும் நன்றாகத்தான் வந்தது. நன்றாகப் புளித்த மீன் அமிலத்தில் நமக்குப் பழ வாசனை மாதிரி தெரியும், பூனை மூக்குக்கு அது மீன்தான். விட மனசில்லை என்றால் காலையில் கொடுங்கள், மண்ணில் ஊற்றாமல் இலையில் தெளியுங்கள். எலும்புத்தூள் போட்டால் நன்றாக உள்ளே புதைத்து மூடுங்கள்.

இரண்டாவது விஷயம் குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது எனக்கும் தெரியும், ஏதோ மூலிகைக்காரர்கள் வைத்த பெயர் என்று விட்டிருந்தேன். ஒரு நாள் களை பறித்து வேரோடு பாத்தி ஓரத்திலேயே போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் அந்தச் சாம்பல் பூனை வந்து, வேரில் கன்னத்தைத் தேய்த்து, கவ்வி, மல்லாந்து, போதை ஏறினவன் மாதிரி விதைத்த பாத்தி மேலேயே உருண்டுகொண்டிருந்தது. வேர்தான் காரணம், நிற்கிற செடியை அது சட்டை செய்வதில்லை. குப்பைமேனி பறித்தால் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம், படி 5-இல் சொல்கிறேன்.

படி 3: கோழி வலை

ஒரு அங்குலக் கண் உள்ள அறுகோணக் கம்பி வலை, ஹார்டுவேர் கடையில் கோழி வலை என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். பச்சை பூச்சு போட்டதை வாங்குங்கள், வெறும் கம்பி எங்கள் ஊர் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. பிளாஸ்டிக் வலை வேண்டாம். அது மண்ணில் படியவே படியாது, எழும்பிக்கொண்டே நிற்கும்.

முதல் தடவை வளைந்த குச்சி நட்டு அதன் மேல் கூடாரம் மாதிரி வலையைப் போட்டேன். தப்பு. ஓரத்தில் இருந்த சின்ன இடைவெளியில் புகுந்து உள்ளே நிழலில் படுத்துக்கொண்டது, அதுவரை வெயிலாவது அதைத் துரத்தியது. வலை மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடக்க வேண்டும். விதைத்து, மண் மூடி, தண்ணீர் தெளித்து, அதன் மேல் வலையை விரித்து, பாத்தி ஓரத்தைத் தாண்டி அரை அடி விட்டு வெட்டுங்கள். அந்த அரை அடியைக் கீழே மடித்து மண்ணுக்குள் செருகிவிட்டு, பழைய கம்பி ஹேங்கரை ஆங்கில U மாதிரி வளைத்து முழத்துக்கு ஒன்றாகக் குத்துங்கள். கட்டுக்கம்பி இதற்கு ஆகாது, வளைந்துவிடும். வெட்டுவதற்குக் கட்டிங் பிளேயர் போதும், ஆனால் வெட்டிய முனை எல்லாம் கையைக் கிழிக்கும். வேலை முடிகிற வரை கையுறையைக் கழற்றாதீர்கள் (என் இடது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது).

கீரை தானாகக் கண் வழியே மேலே வந்துவிடும், மேலோடு அறுத்துக்கொள்ளலாம். வெண்டை, கத்தரி, தக்காளிக்கு அப்படி விடக்கூடாது. ஒரு அங்குலக் கண்ணுக்குள் வெண்டையை விட்டேன், தண்டு பருத்து, கம்பி இறுக்கிச் சதைக்குள் போய், காற்றடித்த ஒரு நாள் இரண்டு செடி அந்த இடத்திலேயே ஒடிந்தது. நாற்று நடும் இடத்தில் நாலு அங்குல வட்டமாக வெட்டிவிடுங்கள். அந்த வட்டத்தை விட்டுவைக்குமா என்றால், தண்டைச் சுற்றி நாலைந்து ஈர்க்குச்சி குத்திவிட்டால் பூனை அங்கே உட்காராது.

படி 4: ஈரம்

காய்ந்த மண்தான் அதற்குப் பிடிக்கும் என்பதால் சாயங்காலம் தண்ணீர் விட்டால் ராத்திரி முழுக்க மேல்மண் நனைந்திருக்கும். காலித் தரையில் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் கீழே இருக்கும்படி நெருக்கிப் பரப்புங்கள், ஈரமும் காக்கும், தோண்டவும் விடாது.

படி 5: அதற்கென்று ஒரு மூலை

எல்லா வழியையும் அடைத்தால் அது பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டிக்குப் போகும், அக்காவோடு நமக்குச் சண்டை வரும். மதில் ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடி ஆற்று மணல் கொட்டி, குப்பைமேனி வேரை லேசாக நசுக்கி அதன் மேல் போட்டேன். இரண்டே நாளில் பழகிவிட்டது. தினமும் அள்ள வேண்டும், அள்ளாமல் விட்டால் சுத்தமான இடம் தேடி மறுபடி பாத்திக்கு வரும்.

செய்யக்கூடாதவை

பாச்சை உருண்டை, பினாயில் இரண்டும் பூனைக்கு விஷம், மண்ணுக்கும் கேடு. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, அது நக்கி, கண்ணில் பட்டு அவதிப்படும். விஷம் வைப்பது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நீலத் தண்ணீர் பாட்டில் மாட்டிப் பார்த்தேன், அதன் நிழலில் தூங்கியது. இணையத்தில் வாங்கிய அல்ட்ராசோனிக் கருவி சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டு நின்றது, அதன் மேலேயே முதுகைச் சொறிந்துகொண்டது.

பின்சேர்க்கை 1: மொட்டை மாடியில் க்ரோ பேக் வைத்திருக்கிற ஒருவர், பைக்கு வலை எப்படி என்று கேட்டிருந்தார். வட்டமாக வெட்டி, நடுவில் செடிக்கு ஓட்டை போட்டு, ஓரத்திலிருந்து ஓட்டை வரை ஒரு கீறல் விட்டால் வளர்ந்த செடியைச் சுற்றியும் மாட்டலாம். வலை வாங்க இஷ்டமில்லை என்றால் காகிதப்பூச் செடியை வெட்டிவிட்ட முள்கிளைகளைத் துண்டு துண்டாகப் போடுங்கள், களை எடுக்கும்போது மட்டும் நம்மைத் திட்டிக்கொள்வோம்.

பின்சேர்க்கை 2: மேலே நிழல்வலை கட்டியிருப்பவர்கள் அதை விறைப்பாகக் கட்டுங்கள். தொய்வாக இருந்தால் பூனைக்கு ஊஞ்சல், கீழே பந்தல் சரியும். குருவிக்குக் கட்டும் மெல்லிய நைலான் வலையைத் தரையில் விரிக்கவே விரிக்காதீர்கள். ஒரு வாசகர் வீட்டில் குட்டி ஒன்று கால் சிக்கிக் கிடந்து, கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்களாம்.

பின்சேர்க்கை 3: ஐப்பசி மழையில் மணல் மூலை நனைந்து சொதசொதவென்று ஆனதும் பூனை தாழ்வாரத்துக்குக் கீழே காய்ந்திருந்த இரண்டு க்ரோ பேக்குக்கு மாறிவிட்டது. மணல் மேல் ஒரு பழைய தகர ஷீட்டைச் சாய்த்து வைத்தேன், இப்போதைக்கு மறுபடி மணலுக்கே போகிறது.