பயந்த நாய்க்கு முதலில் ஆறு அட்டைப்பெட்டி

மழைநீர்க் கால்வாயிலிருந்து தூக்கி வந்த தெருநாய், எங்கள் மைனா. இரண்டு வயது இருக்கும் என்றார் டாக்டர். முதல் பதினொரு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். குக்கர் விசிலுக்கு நடுங்குவாள். யாராவது துடைப்பத்தை எடுத்தால் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுவாள். இப்போது மொட்டை மாடியில் ஆடும் பலகை மேல் தானாக ஏறி நிற்கிறாள். இதற்கு ஏழு மாதம் ஆனது.

உங்கள் நாயும் இப்படிப் பயந்தால், ஓட்டமும் தாண்டலும் அப்புறம். மூக்கிலிருந்து தொடங்குங்கள், மோப்பம் பிடிக்க எந்த நாய்க்கும் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்காவில் மோப்ப நாய்ப் பயிற்சியாளர்கள் மூவர் தொடங்கிய 'நோஸ் வொர்க்' விளையாட்டில் ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் தேடும். வேறு நாய் குறுக்கே வராது என்பதாலேயே பயந்த நாய்க்கு அது தோதானது. போட்டிகளில் பிர்ச் என்ற மரம், சோம்பு போல மணக்கும் அனீஸ், கிராம்பு ஆகியவற்றின் எண்ணெய் வாசனையைத் தேடவைப்பார்கள். அந்த எண்ணெய்களை நாய் நக்கினால் ஆபத்து. வீட்டுக்கு ஈரலே போதும்.

மளிகைக் கடையில் ஆறு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, மேல்மூடியைக் கிழித்துவிட்டுக் கூடத்தில் பரப்புங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, ஒரே ஒரு பெட்டியில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்காருங்கள். கூப்பிட வேண்டாம், விரல் நீட்டிக் காட்டவும் வேண்டாம். வருவதா, திரும்பிப் போவதா என்பதை நாயே முடிவு செய்யட்டும். இந்தப் பயிற்சியின் உயிரே அதுதான்.

முதல் நாள் மைனா பின்னங்காலை அசைக்காமல் கழுத்தை மட்டும் நீட்டி முகர்ந்துவிட்டு ஓடிப்போனாள். மூன்றாம் நாள் தலையை உள்ளே விட்டாள். ஈரலை அவள் கண்டெடுத்ததும் அதே பெட்டியில் இன்னும் இரண்டு துண்டு போட்டேன். நான்கு முறை தேடினால் அன்றைக்குப் போதும். ஆசை மிச்சமிருக்கும்போதே பெட்டிகளை எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாள், அப்புறம் காலி பிளாஸ்டிக் பாட்டில், கடைசியில் ஒரு எவர்சில்வர் தட்டு. மூக்கு பட்டதும் தட்டு கலகலக்கும். துள்ளி விலகுவாள், மறுபடி வருவாள். எங்கிருந்தோ வரும் சத்தம் வேறு, தானே எழுப்பும் சத்தம் வேறு என்று அவளுக்குப் புரிந்த இடம் இதுதான்.

உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் பயத்தின் அடையாளம். பிடித்த ஈரலையே தின்ன மறுத்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். முந்தின படிக்குத் திரும்புங்கள்.

அடுத்தது அஜிலிட்டி: சீசா பலகை, சுரங்கம், குச்சி போன்ற தடைகளை நாய் கடந்து ஓடுவது. குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கி, 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் முதலில் செய்து காட்டிய விளையாட்டு. அதில் சீசா பலகைதான் பயந்த நாய்க்குக் கடினம்: காலடியில் சாய்ந்து, தரையில் மோதி அடிக்கும். அகலமான பலகையின் நடுவில் சுருட்டிய துண்டை வைத்து, இரு முனைக்கும் கீழே பழைய ரஜாயை மடித்துப் போட்டேன், சத்தமே வராது. ஒரு கால் வைத்தாலும் ஈரல். ஒரு நாள் அவசரப்பட்டு வாரைப் பிடித்து மேலே இழுத்தேன். இரண்டு வாரம் பலகைப் பக்கமே வரவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். அவளாக ஏறத் தொடங்கிய பிறகு ரஜாயை ஒவ்வொரு மடிப்பாகக் குறைத்தேன்.

சுரங்கத்துக்கு, இரு பக்கமும் திறந்த பெரிய பெட்டி போதும். தாண்ட, தரையில் கிடக்கும் ஒரு குச்சி. கால்களை டாக்டரிடம் காட்டாமல் உயரம் ஏற்றாதீர்கள்.

மாடிப் பயிற்சியைக் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். தளம் சுட்டால் பாதம் வெந்துவிடும். தீபாவளி வாரத்தில் எதுவும் புதிதாக வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, கூடத்தில் அதே ஆறு பெட்டிகளைப் பரப்புங்கள். அவள் தேட வரவில்லையா, சரி, கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.