கடல் முள்ளெலி முள்ளு, சிப்பி, பவளம்: கிரிஸ்டல் பாக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

கடல்ல இருக்கிற ஓடு, முள்ளு, பவளம் எல்லாம் கால்சியம் கார்பனேட்தானேன்னு ஒரு வரி எழுதிட்டு ப்ராஜெக்ட்ல அடுத்த பக்கம் போயிடுறாங்க, முதல் தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. அது கெமிக்கல் பேரு மட்டும்தான், உள்ள அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு அது சொல்லாது. அதே சரக்கு கால்சைட்டாவும் இருக்கும், அரகோனைட்டாவும் இருக்கும், ரெண்டுலயும் அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம்தான் வேற. திட்டு கட்டுற பவளம் அரகோனைட், கடல் முள்ளெலி, அதாவது உடம்பு முழுக்க முள்ளா இருக்கிற sea urchin, மக்னீசியம் கலந்த கால்சைட். மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிய எடுத்துக்கங்க, ஒரே ஓட்டுல வெளிப்பக்கம் பட்டகம் பட்டகமா நிக்கிறது கால்சைட், உள்ள பளபளன்னு மின்னுறது அரை மைக்ரான் தடிமன்ல தகடு தகடா அடுக்கின அரகோனைட். அதனால எந்த அடுக்குலேர்ந்து சுரண்டி எடுத்தீங்கன்னு கண்டிப்பா குறிச்சு வைங்க, இல்லன்னா ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்ல.

இப்போ முள்ளெலி முள்ளு. இதுல நிறைய பேர் தடுமாறுறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதுதான். முள்ள நீளவாக்குல மெல்லிசா சீவி, போலரைஸ்டு லைட் மைக்ராஸ்கோப்ல (ஒரே திசையில அதிர்ற ஒளிய விட்டுப் பாக்குற மைக்ராஸ்கோப்) வச்சுத் திருப்பினா, அத்தனை ஓட்டையும் வளைவும் இருக்கிற அந்தத் துண்டு முழுசும் ஒரே நேரத்துல இருண்டு ஒரே நேரத்துல வெளிச்சமாகும், அதாவது முழு முள்ளும் ஒரே கிரிஸ்டல் மாதிரி நடந்துக்குது. ஆனா குறுக்க வெட்டிப் பாத்தா எப்படித் திருப்பினாலும் இருட்டாவே இருக்கும். உடனே "இது கிரிஸ்டலே இல்ல"ன்னு முடிவு கட்டிடாதீங்க, கால்சைட்டோட ஒளி அச்சு (ஒளி ரெண்டாப் பிரியாமப் போற திசை) முள்ளோட நீளத்துலயே போறதால அந்த அச்சு வழியாவே நேரா பாக்குறோம், அதான் இருட்டு.

அடுத்தது உடைச்சுப் பாத்து முடிவு பண்றது. சுத்தமான கால்சைட்டத் தட்டினா சாய்சதுரம் சாய்சதுரமா தட்டையான முகத்தோட பிளக்கும், முள்ளு அப்படி இல்ல, கண்ணாடி மாதிரி வளைஞ்ச முகத்தோட உடையும். காரணம் அது வளர்ற விதம். முதல்ல ஒழுங்கே இல்லாத கால்சியம் கார்பனேட் பொடிப்பொடியா வந்து ஒட்டுது, அப்புறம் கீழ ஏற்கனவே இருக்கிற கிரிஸ்டல் எந்தத் திசையில இருக்கோ அதே திசையில மாறுது, நடுவுல கொஞ்சம் புரோட்டீனும் மாட்டிக்குது, அதனால விரிசல் நேர்கோட்டுல ஓட முடியல. ஒடிஞ்ச முள்ளு திரும்ப வளரும்போது இந்த ஒழுங்கில்லாத சரக்குதான் முதல்ல படியுதுன்னு 2004ல காட்டிட்டாங்க. இன்னொண்ணு, புதைபடிவமான கடல் அல்லி (முள்ளெலியோட சொந்தக்கார உயிரி, crinoid) துண்டு தட்டையாவே பிளக்கும், ஏன்னா மண்ணுக்குள்ள அதோட ஓட்டைகள்ல அதே திசையில கால்சைட் நிரம்பிடுச்சு. அத வச்சு உயிரோட இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லக்கூடாது.

எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன்ல (கிரிஸ்டல்ல பட்டு எக்ஸ்ரே எந்தக் கோணத்துல சிதறுதுன்னு பாக்குற சோதனை), காப்பர் எக்ஸ்ரே குழாய்னா, கால்சைட்டோட பெரிய பீக் 29.4 டிகிரி பக்கம் வரணும். முள்ளெலில அது வலது பக்கம் கொஞ்சம் நகர்ந்து நிக்கும், மெஷின் செட்டிங் தப்புன்னு நெனச்சு இழுத்துவச்சு சரி பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, கால்சியத்த விட சின்ன மக்னீசியம் உள்ள உக்காந்ததால அணு அடுக்குகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி சுருங்கியிருக்கு, அந்த நகர்வுதான் உங்களுக்கு வேணுங்கிற தகவலே. அதே நேரம் ஒழுங்கில்லாத சரக்கு கூர்மையான பீக்கே தராது, பீக் இல்லன்னா பொருளே இல்லன்னு எழுதாம இன்ஃப்ராரெட் சோதனையிலயும் ஒரு தடவ பாத்துடுங்க.

சாம்பிள் தயார் பண்றதுலதான் நிறைய போயிடுது. சதைய எரிக்கிறேன்னு ஃபர்னஸ்ல வச்சா 300, 400 டிகிரிலயே அரகோனைட் கால்சைட்டா மாற ஆரம்பிச்சிடும், அப்புறம் பவளத்துல கால்சைட் கண்டுபிடிச்சேன்னு ரிப்போர்ட் வரும். ட்ரில்ல வேகமா ஓட்டினாலும் அந்தச் சூட்டுல இதே கத. பஃபர் (அமிலமாகாம தடுக்கிற சேர்மானம்) போடாத ஃபார்மலின் அமிலமா மாறி முள்ள மெதுவா அரிச்சிடும், எத்தனால்ல போட்டு வைங்க. சதைய எடுக்க நீர்த்த ப்ளீச் போதும், ஆனா புதுசா வளர்ற நுனியப் படிக்கிறவங்க தண்ணில ஊறப்போடாதீங்க, ஒழுங்கில்லாத சரக்கு அங்கயே கிரிஸ்டலாயிடும்.

பவளத்துக்கு இன்னொரு விஷயம், திட்டு கட்டுற பவளங்கள் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, அனுமதி இல்லாம ஒரு துண்டு கூட எடுக்காதீங்க. கண்ணாடிப் பஞ்சுயிரியோட முள்ளு சிலிக்காங்கிறதால அத குவார்ட்ஸ்னு எழுதுறதையும் விட்டுடுங்க, அதுல கிரிஸ்டல் ஒழுங்கே கிடையாது.