ல, ள, ழ: கையே பாடம்

மார்த்தாண்டத்தில் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பையன்களுக்குச் சாயங்காலம் தமிழ் சொல்லித் தருகிறேன். ல, ள, ழ வரும்போது விளக்கம் எடுபடாது, கைதான் பேசவேண்டும்.

இடது கையைக் கவிழ்த்து நீட்டுங்கள்: அது மேலண்ணம், விரல்நுனி முன்பல் பக்கம். அதன் கீழே மல்லாந்த வலது கை, நாக்கு. வலது கையின் நுனி, இடது விரல்நுனிக்குச் சற்றுப் பின்னால் தொட்டால் ‘ல’. வலது விரலைப் பின்னோக்கி மடக்கி இடது உள்ளங்கையைத் தொட்டால் ‘ள’. அதே மடக்கு, தொடாமல் நின்றால் ‘ழ’. சரி, அப்புறம் பழக்கடைக்கு அனுப்பி மட்டி வாழைப்பழம் கேட்கச் சொல்லுங்கள்.

தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்கவே கூடாது, பிறகு வாயே திறக்கமாட்டான். கையை மறுபடி காட்டிவிட்டு 3 விநாடியாவது பேசாமல் இருங்கள். போர்டில் எழுதிக்கொண்டே உச்சரிக்காதீர்கள், உதடு தெரியவேண்டும்.