லேப்டாப்ல ஓப்பன்சிபிஎன் போட்டு ஜிபிஎஸ் வரலையா, இத பாருங்க

கன்னியாகுமரி மாவட்டம் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கத்துல இருந்து தங்கல் (கடல்லயே பல நாள் தங்கிப் பிடிக்க) போறவங்க, படகு நிக்கிற இடத்த கடல் வரைபடத்துல காட்டுற பிளாட்டருக்குத் துணையா ஒரு லேப்டாப்பும் வீல்ஹவுஸ்ல (படகு ஓட்டுற அறையில) வெச்சா நல்லது, பெரிய ஸ்கிரீன், கடல் சார்ட் காட்டுற ஓப்பன்சிபிஎன் சாஃப்ட்வேர் ஃப்ரீ, பழைய லேப்டாப்லயும் ஓடும். கூட ஒரு யுஎஸ்பி ஜிபிஎஸ் போதும். ஆனா எல்லாத்தயும் கரையில வெச்சே செட் பண்ணிடுங்க, கடல்ல போய் ஆட்டத்துல உக்காந்து ஜிபிஎஸ்ஸுக்கான டிரைவர் சாஃப்ட்வேர் தேடுறது பெரும்பாடு.

ஜிபிஎஸ்ஸ சொருகினதும் டிவைஸ் மேனேஜர்ல போர்ட்ஸ்னு இருக்குல்லா, அதுல காம் 3, காம் 5னு ஒரு நம்பர் வரும், அத பாத்து வெச்சுட்டு ஓப்பன்சிபிஎன் ஆப்ஷன்ஸ்ல கனெக்‌ஷன்ஸ் போய் சீரியல்னு புதுசா சேத்து அதே நம்பர குடுங்க. பாட் ரேட் (டேட்டா வர்ற வேகம்) பழைய ரிசீவருக்கு 4800, யூபிளாக்ஸ் சிப் உள்ளதுக்கு பெரும்பாலும் 9600. வேற யுஎஸ்பி ஓட்டையில மாத்தி சொருகினா நம்பர் மாறிடலாம், நேத்து வேலை செஞ்சது இன்னைக்கு செய்யலைன்னா முதல்ல அதத்தான் பாக்கணும், அதனால ஒரே ஓட்டையில டேப் ஒட்டி வெச்சுக்கிடுங்க. இன்னொரு புரோகிராம் அதே போர்ட்ட பிடிச்சு வெச்சிருந்தாலும் இதுக்குக் கிடைக்காது.

படகு சின்னம் சாம்பலாவே நிக்குதுன்னா ஊகிக்காதீங்க, கனெக்‌ஷன்ஸ்லயே டீபக் விண்டோ இருக்கு, புது வெர்ஷன்ல டேட்டா மானிட்டர்னு இருக்கும், ஜிபிஎஸ் அனுப்புற வரியெல்லாம் அதுல ஓடும், அத திறங்க. ஒண்ணுமே ஓடலைன்னா போர்ட் தப்பு, இல்லைன்னா டிரைவர் இல்ல. புரியாத கிறுக்கலா வந்தா பாட் ரேட் தப்பு. ஜிபிஆர்எம்சின்னு தொடங்குற வரி வந்தா, நேரத்துக்கு அடுத்து ஒரே ஒரு எழுத்து நிக்கும், அது ‘ஏ’ (A) எழுத்துன்னா பொசிஷன் கிடைச்சாச்சு, ‘வி’ (V) எழுத்துன்னா இன்னும் சாட்டிலைட் பிடிக்கல. வி வந்தா லேப்டாப் மேல குத்தமில்ல, ரிசீவர வானம் தெரியுற இடத்துக்கு மாத்துங்க, இரும்புக் கூரைக்கு அடியில எத்தன மணிக்கூறு வெச்சாலும் கிடைக்காது. சாதா யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல நீட்டுனா அதுவே தகராறு.

ஜிபிஎஸ் சொருகுன உடனே மவுஸ் அம்பு தன்னால தாவுதா? அது வைரஸ் இல்ல, விண்டோஸ் ரிசீவர பழைய சீரியல் மவுஸ்னு நினைச்சுக்கிடுது. டிவைஸ் மேனேஜர்ல மவுஸ் லிஸ்ட்ல சீரியல் பால்பாயிண்ட்னு ஒண்ணு நிக்கும், அன்இன்ஸ்டால் பண்ணா திரும்ப வரும், டிசேபிள் பண்ணுங்க. கொஞ்ச நேரம் ஓடி நின்னு போகுதுன்னா பவர் செட்டிங்ஸ்ல யுஎஸ்பி சஸ்பெண்ட ஆஃப் பண்ணுங்க.

இனி சொல்றதுதான் முக்கியம், பொசிஷன் எழுதுற முறை. 8 டிகிரி 14 நிமிஷம் 30 செகண்ட்னா அது 14.5 நிமிஷம், 14.30 இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.2 நிமிஷம், வடக்கு தெக்குல அது 0.2 நாட்டிக்கல் மைல், ஏறக்குறைய 370 மீட்டர். பார் (கடலடிப் பாறை) மேல வலை போடுறவனுக்கு 370 மீட்டர்னா வலை போச்சு. ஆபத்துல விஎச்எஃப் ரேடியோ சேனல் 16ல பொசிஷன் சொல்றப்ப இன்னும் மோசம், 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் நம்ம கரையில இத யாருக்கும் விளக்க வேண்டாம். ஆப்ஷன்ஸ் டிஸ்பிளே யூனிட்ஸ்ல உங்க பிளாட்டர் காட்டுற அதே முறைய வெச்சுட்டு, ஹார்பர்ல கட்டி நிக்கும்போதே ரெண்டயும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க. ரேடியோவுல சொல்லும்போது டிகிரி, நிமிஷம், புள்ளின்னு வாய் திறந்து சொல்லுங்க. ஆழமும் அங்கயேதான், நமக்கு பாகம்தான் பழக்கம்னா ஃபாதம் வைங்க, ஒரு ஃபாதம், அதாவது ஒரு பாகம், 6 அடி, மீட்டர்ல இருக்குற நம்பர பாகம்னு படிச்சா ஏறக்குறைய ரெட்டிப்பு ஆழம் இருக்குறதா நம்பிடுவீங்க.

சார்ட் விஷயத்துல, நம்ம நாட்டு கடலுக்கு அதிகாரபூர்வ சார்ட் போடுறது டேராடூன்ல உள்ள நேஷனல் ஹைட்ரோகிராஃபிக் ஆஃபீஸ். யாரோ பென்டிரைவ்ல குடுத்த பழைய சார்ட்ல கோடு அழகா இருக்கும், புதுசா வந்த புலிமுட்டு (அலைத் தடுப்புச் சுவர்) இருக்காது, அத நம்பி ராத்திரி துறைமுக வாய்க்குள்ள வராதீங்க. சார்ட் ஃபோல்டர சேத்த பிறகும் ஸ்கிரீன்ல வரலைன்னா ஸ்கேன் குடுத்துப் பாருங்க.

கிளம்புறதுக்கு முன்ன ரூட் அண்ட் மார்க் மேனேஜர்ல ரூட், மார்க் எல்லாத்தயும் ஜிபிஎக்ஸ் ஃபைலா எடுத்து பென்டிரைவ்ல போட்டு உப்புக்காத்து படாம கட்டி வைங்க. எக்ஸ்போர்ட் பண்றப்ப கண்ணுக்குத் தெரியுற மார்க் மட்டுந்தான் போகும், மறைச்சு வெச்ச பார் எல்லாம் விட்டுப் போயிடும், முதல்ல அதையெல்லாம் காட்டுற மாதிரி வெச்சுட்டு எடுங்க.